பழைய நோட்டுகளும் கணினித் தேர்வும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் செயலாளர் பேசியது)



கணினி வேலைக்கு ஆள் எடுத்ததில் உங்களில் சிலருக்கு என் மேல வருத்தம் இருக்கு. "நம்ம மெம்பர் மகளுக்கே பரீட்சை வெச்சு அனுப்பிட்டாங்களாமே"ன்னு பேசிக்கிட்டது என் காதுக்கும் வந்துச்சு. அந்த மெம்பர் வேற யாருமில்லை, என் நாத்தனார்தான். அதனால நடந்ததை நானே சொல்லிடறேன்.

நம்ம அலுவலக பீரோவில் தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் என்று எல்லாக் குழுவின் பழைய நோட்டுகளும் இருக்கின்றன. போன மழைக்குக் கீழ்த்தட்டில் கரையான் ஏறிடுச்சு. கடனைக் கட்டி முடித்த ஒரு அக்கா, கட்டியதைக் காட்டும் பக்கம் கிடைக்காமல் மூணு கூட்டம் அலைஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, கணினியில் ஏற்றி வைப்பது என்று தீர்மானம் போட்டோம்.

முதல் தடவை ஆள் எடுத்தது நான்தான். சான்றிதழை மட்டும் பார்த்து எடுத்தேன். வந்தவர் எக்செல்லில் பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கினார். அப்படி அடுக்கும்போது, பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து மாற்றவா என்று கணினி கேட்கும். அவர் வேண்டாம்னு அழுத்திட்டார். பெயரெல்லாம் இடம் மாறிடுச்சு, கடன் தொகை மட்டும் அங்கேயே நின்னுடுச்சு. ஒருத்தர் கடன் இன்னொருத்தர் தலையில்! சேமித்து மூடிவிட்டதால் பழையபடி கொண்டுவர வழியில்லை. இன்னொன்று, வங்கிக் கணக்கு எண். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைக்கும்தான் வெச்சுக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் இருக்கும் 0 காணாமலே போய்விடும். அந்தக் கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடிக்கணும். எனக்கும் இது அப்போ தெரியாது. மூணு பேருக்குப் போக வேண்டிய பணம் திரும்பி வந்தப்போதான் தெரிஞ்சுது.

டைப்ரைட்டிங் ஹையர், சி.ஓ.ஏ. எல்லாம் நல்ல படிப்புதான், அதை நான் குறை சொல்லலை. ஆனா நம்ம வேலை நம்ம நோட்டோட. அதனால இந்தத் தடவை நம்ம நோட்டையே வெச்சுத் தேர்வு நடத்தினோம்.

நாலு பேர் வந்தாங்க. ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஒரு பழைய கடன் பக்கத்தின் நகலைக் கொடுத்து எக்செல்லில் ஏற்றி, பெயர்வாரியாக அடுக்கச் சொன்னோம். ஸ்கேன் செய்த பத்துத் தாளுக்குப் பெயர் வைக்கச் சொன்னோம். 14-07-2009 என்று வைத்தால், எந்த மாதமானாலும் 14ஆம் தேதி எல்லாம் ஒண்ணா வந்து நிற்கும். 2009-07-14 என்று வருஷத்தை முதலில் வைத்தால்தான் வரிசை சரியா வரும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதம் ஒன்றும் கொடுத்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தாகக் கிறுக்கலா தெரியும். "ஃபைல் கெட்டுப்போச்சு"ன்னு ரெண்டு பேர் அழிக்கவே போயிட்டாங்க. யூனிகோடுக்கு மாற்றினால் படிக்கலாம், தேடலாம். (முதல் நாள் ராத்திரி நானே இந்தத் தேர்வை எழுதிப் பார்த்தேன். அடுக்குவதில் தோத்துட்டேன்.)

அந்தக் கடன் பக்கத்தில் ஒரு இடத்தில் மை பரவியிருந்தது. 450ஆ, 480ஆ என்று நகலில் தெரியாது. வேணும்னுதான் அந்தப் பக்கத்தை எடுத்தோம். என் நாத்தனார் மகள்தான் நாலு பேரில் வேகமாக அடிச்சா, தப்பே இல்லை. ஆனா அந்த இடத்தில் 480ன்னு போட்டுட்டா. கேட்டதுக்கு, "காலியா விட்டா மார்க் போயிடும்னு நினைச்சேன் அத்தை"ன்னா. இன்னொரு பொண்ணு கட்டத்தைக் காலியா விட்டு, மஞ்சள் அடிச்சு, பக்கத்தில் "450 அல்லது 480, அசல் நோட்டைப் பார்க்கணும்"னு எழுதியிருந்தா. அவ மெதுவாத்தான் அடிச்சா. அசலில் இருந்தது 450.

30 ரூபாய்தானேன்னு தோணும். யார் கணக்கில் அந்த 30 ரூபாய் ஏறும்னு யோசிங்க. நிர்வாகக் குழுவில் நான் ஓட்டுப் போடலை, வெளியே போயிட்டேன். மற்றவங்க அந்த மஞ்சள் அடிச்ச பொண்ணைத்தான் எடுத்தாங்க.

நாத்தனார் இன்னும் என்கிட்ட சரியா பேசலை. அவங்க மகள் மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை அலுவலகம் வந்து ஸ்கேன் வேலை கத்துக்கிறா.

இதுவரைக்கும் ஏழு குழுக்களின் நோட்டுகள் முடிஞ்சிருக்கு. மஞ்சள் அடிச்ச கட்டங்கள் ஒரு பக்கம் நிறைய இருக்கு, அதைத் தீர்க்க அந்தந்தக் குழுவின் பழைய ஊக்குநர்கள் வரணும். வீட்டுப் பரணில் குழு நோட்டு ஏதாவது கிடந்தால், கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க.