புகைக்குழாயும் ஒரு துண்டு ரப்பரும்



பால் வெட்டிய கைகளுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பால் கடைசியில் என்னவாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் 'டயர்' என்றுதான் சொல்வோம். டயர் மட்டுமல்ல. காடியின் அடியில் புகைக்குழாயைத் தாங்கிப் பிடிப்பதும் உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் துண்டுதான். அது அறுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வீட்டில் பழைய மினி காடி ஒன்று உண்டு. மினி 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. 2000ஆம் ஆண்டு வரை 50 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. முதலில் வந்த மினிகளில் இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர்க் கூம்புகளே குலுக்கலைத் தாங்கின. ஆக, ரப்பரை நம்பியே ஓடும் காடி இது.

மழைக்காலத்தில் ஒருநாள், தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு குழியில் இறங்கி ஏறினோம். பின்னால் கடகடவென்று சத்தம். குனிந்து பார்த்தால், ரப்பர் அறுந்து புகைக்குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. வேலிக் கம்பியை எடுத்து இறுக்கிக் கட்டினோம். சத்தம் நின்றது. பட்டறைச் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தோம்.

மூன்று வாரம் கழித்துக் குடும்பத்தோடு குளுவாங்குக்குப் புறப்பட்டோம். நல்ல மழை, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டோம். பாதி வழியில் சின்னவள், "அப்பா, தலை வலிக்குது" என்றாள். அவள் அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான். எங்களுக்கும் தலை சுற்றியது. காடியை ஓரமாக நிறுத்தி, கதவுகளைத் திறந்து, பிள்ளைகளை பஸ் நிற்கும் கொட்டகையில் உட்கார வைத்தோம். பின்னால் வந்த ஒரு நல்லவர் எங்களை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

மறுநாள் காடியைப் பார்த்த பட்டறைப் பெரியவர், "தம்பி, இந்தக் கம்பிதான் வினை" என்றார். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்.

மினியின் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டது. எண்ணெயை மிதித்தாலும் கிளட்சை விட்டாலும் அது முன்னும் பின்னும் ஆடும். எஞ்சினோடு பிணைந்த புகைக்குழாயும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான் பின்னால் ரப்பர் வைத்தார்கள். நாங்களோ கம்பியால் இறுக்கிவிட்டோம். முன்பக்கம் எஞ்சின் இழுக்கிறது. பின்பக்கம் கம்பி விடவில்லை. நடுவில் அகப்பட்ட குழாய், எஞ்சினை ஒட்டிய மூட்டிலே விரிந்துவிட்டது. புகை பின்னால் போகாமல் காடிக்குள் வந்தது.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்; பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு தூக்கம், விழிக்காமலே உயிர் போகலாம். காடியில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், பயண அலுப்பு என்று இருந்துவிடாதீர்கள். உடனே வெளியே வாருங்கள். 999க்கு அழையுங்கள், அல்லது வேறு வண்டியில் மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, ரப்பர் அறுந்தால் என்ன செய்வது?

முதலில் எஞ்சினை அணைத்து, குழாய் ஆறும்வரை காத்திருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகளும் வேண்டும். பட்டறைவரை போக, பழைய டயரில் வெட்டிய பட்டையால் குழாயைத் தூக்கிக் கட்டலாம்; கொஞ்சம் ஆட இடம் விடுங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஓட்டுபவர் மட்டும் மெதுவாகப் போகட்டும். ஆனால் உறுமல் கூடியிருந்தாலோ புகை நாற்றம் வந்தாலோ மூட்டு விரிந்திருக்கலாம். அப்போது ஓட்டவே வேண்டாம், பட்டறைக்காரரை வரவழையுங்கள்.

புது ரப்பரை மாட்டுவதோடு வேலை முடியவில்லை. பழையது ஏன் அறுந்தது என்றும் பார்க்கவேண்டும். இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் கடுஞ்சூடும் ஆகா. எஞ்சின் எண்ணெய் ஒழுகினால் அதை நிறுத்துங்கள். மினியில் எஞ்சின் ஆட்டத்தை அடக்க மேலே ஒரு தண்டு உண்டு. அதன் இரு முனையிலும் ரப்பர் புஷ்கள் உண்டு. எஞ்சின் அணைந்து ஆறியபின் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். தண்டின் முனைகள் லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது ரப்பரும் அறுந்துவிடும்.

இன்னொன்று. வாழைத்தாரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, பின்கதவைத் திறந்து வைத்தபடி ஓட்டுவது நம்மிடையே வழக்கம். அப்படிச் செய்தால், நல்ல புகைக்குழாயிலிருந்தும் புகை உள்ளே வரும். தவிருங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கம்பியை எறியவில்லை. காடி நிற்கும் கொட்டகைத் தூணில் மாட்டி வைத்திருக்கிறோம். இன்று மாலை வேலை முடிந்ததும், உங்கள் காடியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால், பிள்ளைகளை ஏற்றுமுன் மாற்றிவிடுங்கள்.