யாருடைய மெச்சுதல்?

(நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



பதுளையில் வளர்ந்த எவருக்கும் புனித மாற்கு ஆலயம் தெரியும். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது அது. அவர் இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்து வீதிகள் அமைத்தவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று அக்காலத்தவர்கள் பெருமையோடு சொன்னார்கள். இன்று ஒருவர் ஒரு யானையைச் சுட்டாலும் பொலிஸ் வீட்டுக்கு வரும். செயல் அதேதான், பார்க்கிற கண்கள்தான் மாறிவிட்டன. அவரை நியாயந்தீர்க்க நான் வரவில்லை. ஊர் மெச்சுவது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கட்டடம் இருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நான் பேச எடுத்துக்கொண்டது கலாத்தியருக்கு எழுதிய நிருபம், முதலாம் அதிகாரம், பத்தாம் வசனம். மனுஷரைப் பிரியப்படுத்தப் பார்க்கிறவன் கிறிஸ்துவின் ஊழியக்காரனாக இருக்க முடியாது என்பது பவுலின் கருத்து. இந்த வசனத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அடுத்த அதிகாரத்தை அவ்வளவாக வாசிப்பதில்லை. அங்கேதான் பவுல் உதாரணம் காட்டுகிறார், அதுவும் ஒரு சாப்பாட்டு மேசையைக் காட்டுகிறார். அந்தியோகியாவில் புறஜாதியாருடன் கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து தன் ஆட்கள் வந்ததும் அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிவிடுகிறார். ஆகவே மனுஷரைப் பிரியப்படுத்துவது என்பது புகழ் தேடுவது மட்டுமல்ல. நம் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று, யாரோ ஒருவருடைய பக்கத்திலிருந்து எழுந்து போவதும் அதுதான்.

நம் நாட்டிலேயே இப்படி ஒன்று நடந்தது. மேரி ஏர்வின் என்ற கனேடியப் பெண் வைத்தியர் 1896இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனில் பணிசெய்வதற்காகப் புறப்பட்டார். வருமுன்பே சாமுவேல் கனகரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரைத் திருமணம் செய்துகொண்டார். இங்கே இருந்த மிஷனரிகள் அவரை ஏற்கவில்லை. தமிழருக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தவர்களுக்குத் தமிழரை மணந்தவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியவில்லை! அவர் கொழும்புக்குப் போனார். பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் பணியாற்றினார், பிறகு சொந்தமாக வைத்தியம் பார்த்தார். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசி அதற்கும் எதிர்ப்பு வாங்கினார். 1930இல் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். டொக்டர் மேரி ரட்ணம் என்று நாடு அறிந்தது இவரைத்தான். 1958இல் மக்சேசே விருது கிடைத்தது. மிஷன் கதவை மூடியதற்கும் அந்த விருதுக்கும் இடையில் 62 வருடங்கள். மனுஷர் கைதட்டும் வரை அவர் காத்திருந்தால் எத்தனை தாய்மார் வைத்தியமில்லாமல் போயிருப்பார்கள்?

இந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்று உண்டு. அந்த மிஷனரிகளும் தேவனுக்காகத்தான் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். தேவசித்தத்தையே செய்கிறோம் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள். "ஊர் என்ன சொன்னாலும் கவலையில்லை, கர்த்தருக்கு என்னைத் தெரியும்" என்று சொல்லும்போது நாமும் கவனமாக இருக்கவேண்டும். வெறும் பிடிவாதத்துக்கும் அது நல்ல போர்வை. அப்படிச் சொல்வதற்கான விலையை நான் கொடுக்கிறேனா, வேறொருத்தி கொடுக்கிறாளா என்று நான் பார்ப்பதுண்டு.

இப்போது நம் மேசைக்கு வருவோம். பசறை, மடுல்சீமை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து நம்மோடு படித்தவர்கள் எத்தனை பேர்! "எந்த ஊர்?" என்று கேட்டால் "பதுளை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் வாயில் வராது. லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் இடைவேளையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கப் பக்கத்தில் ஆள் இருக்காதோ என்ற பயம். இன்று டொரொன்டோவிலும் லண்டனிலும் கூடுகிற நம் பழைய மாணவிகளிடையே கூட "நீங்க டவுனா, தோட்டமா?" என்ற கேள்வி எழுகிறது என்று கேள்விப்படுகிறேன்.

அந்தப் பிள்ளையிடம் போய் "மனுஷர் மெச்சுவதைத் தேடாதே" என்று பிரசங்கம் பண்ணுவது கொடுமை. அவளை இதுவரை யார் மெச்சினார்கள்? 1948இன் குடியுரிமைச் சட்டம் அவளுடைய பாட்டனையும் பாட்டியையும் இந்த நாட்டின் ஆட்களே இல்லை என்று ஒதுக்கியது. இந்த வசனம் எழுந்து போகிறவர்களுக்கு எழுதப்பட்டது, மேசையில் தனியே விடப்பட்டவர்களுக்கு அல்ல.

என் தொழிலிலும் இது தினமும் வரும். ஊசி போட்டு, கலர் கலராய் மாத்திரை கொடுத்தால் "நல்ல டொக்டர்". வைரஸ் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. ஆனால் அன்றைய பேரை இழந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவுக்கு அதைப் புரியவைக்கப் பத்து நிமிடம் வேண்டும். வெளியே வரிசை முணுமுணுக்கும். எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் மெச்சப்போவதில்லை. அந்த அம்மாவே கூட அடுத்த முறை வேறு டொக்டரிடம் போகலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மின்விசிறிகளிலும் சுவர்க்கடிகாரங்களிலும் "அன்பளிப்பு" எழுத இனி இடமில்லை. எழுதியது எழுதியதாக இருக்கட்டும், அவையும் நன்றாகச் சுற்றுகின்றன. தோட்டப் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் உயர்தரப் பரீட்சைக்கான புத்தகங்களுக்கும் ஒரு நிதி தொடங்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். அதில் கொடுப்பவர் பெயரும் வராது, பெறுபவர் பெயரும் வராது. பெயர்கள்தான் மறைவு, பணம் அல்ல. ஒவ்வொரு வருடமும் கணக்காய்வு செய்து பொதுக்கூட்டத்தில் கணக்கை வாசிக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் வாசல் மேசையில் உறைகள் இருக்கும். உறையின்மேல் எதையும் எழுத வேண்டாம்.