ஒரு கணினியிலே பல தனியறைகள்



உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பயிலும் மாணாக்கர், பைதன் என்னும் கணினிமொழியைக் கற்கின்றனர் என்பதை அறிவீர்கள். பாடசாலைகள் பலவற்றிற் கணினிகளோ சில, பயில்வோரோ பலர். காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவருமாக ஒரே கணினியின் முன் அமர்வர். நேற்றுவரை செவ்வனே இயங்கிய ஒரு மாணவியின் செயற்றிட்டம் இன்று திடீரென நின்றுவிடும். அவள் ஓரெழுத்தையும் மாற்றியிருக்கமாட்டாள். அவளுக்குப் பின் அமர்ந்தவர், தம் தேவைக்காக ஒரு துணைப்பொதியைப் புதிய பதிப்புக்கு உயர்த்திச் சென்றிருப்பார். ஒப்படைக்கும் நாள் அண்மித்திருக்கையில் அப்பிள்ளையின் நெஞ்சம் படும் பாட்டை ஆசிரியர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பதிப்பு மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பாருமுளர். பைதனின் இரண்டாம் தலைமுறையிலே ஐந்தை இரண்டால் வகுக்கச் சொன்னால் விடை இரண்டு. 2008 ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறையிலோ விடை இரண்டரை. நிரல் நின்றுபோனாற் பழுதை உணர்ந்துகொள்ளலாம். நில்லாது ஓடி, வேறு விடையைத் தருமாயின் அதனை யார் கண்டுகொள்வார்?

ஆதலால், ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் ஒரு தனியறை வேண்டும். 2012 இல் வெளிவந்த 3.3 ஆம் பதிப்பு முதலாக, அத்தகைய மெய்நிகர்ச் சூழலை அமைக்கும் கருவி பைதனோடு சேர்ந்தே வருகின்றது. மெய்நிகர் என்ற சொல்லைக் கேட்டு மருளற்க. அது வெறுமனே ஒரு கோப்புறைதான். அச்சூழலுக்குள் நின்று நிறுவும் பொதிகள் அக்கோப்புறையிலேயே தங்கும். அயலறையை அவை தீண்டா. அறை எந்தப் பைதனால் அமைக்கப்பட்டதோ அதனையே பயன்படுத்தும். டெபியன் இயங்குதளம் 2023 இல் வெளியிட்ட தன் 12 ஆம் பதிப்பிலே, பைதன் பொதிகளை வெளியிலிருந்து நேரே முழுக்கணினிக்குமாக நிறுவ முனைவோரைத் தடுத்து, தனியறை அமைக்குமாறு பணிக்கின்றது. அவ்வியங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சிலவும் பைதனை நம்பியிருப்பதே காரணம்.

இவ்வறையைப் பெயர்த்தெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுசெல்லல் ஆகாது. தான் பிறந்த இடத்தின் முகவரி அதனுள்ளே பதிந்திருக்கும். பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு பட்டியலாக எழுதிவைத்து, சென்றவிடத்திற் புதிதாக அமைப்பதே முறை. இணைய வசதி குன்றிய பாடசாலையாயின், பொதிகளை முன்னரே வேறிடத்திற் தரவிறக்கி, விரலியிற் கொண்டுவந்து நிறுவலாம். இரு கணினிகளிலும் இயங்குதளமும் பைதன் பதிப்பும் ஒத்திருத்தல் வேண்டும். இதிலேதான் பலர் இடறுகின்றனர்.

இன்னுமொன்று. இவ்வறைக்குச் சுவர் உண்டேயன்றிப் பூட்டு இல்லை. தீய நோக்கோடு எழுதப்பட்ட பொதியொன்றை உள்ளே நிறுவினாலும், அது உங்கள் கோப்புகள் அனைத்தையும் படிக்கவல்லது. அறியாத நிரலைச் சோதிக்க விரும்புவோர் மெய்நிகர்க் கணினியை நாடுக. அதற்கு நினைவகம் மிகுதியாக வேண்டும். நம் பாடசாலைகளின் பழைய கணினிகள் அச்சுமையைத் தாங்கா. அவற்றில் அறியாத பொதியை நிறுவாதிருப்பதே தக்கது.