இருக்கையும் இருதயமும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காலை பத்து மணி முதல் அமர்ந்திருக்கிறீர்கள். இப்போது மணி பன்னிரண்டு. நம் உரையை நின்று கேட்க விரும்புவோர் தாராளமாக எழலாம். இன்று பேசவந்த பொருளே அதுதான்.

இலண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் முன்னாளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் 500 படிகளுக்கு மேல் ஏறுவார். ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் இவ்விரு சாராரையும் ஆராய்ந்து 1953-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மாரடைப்பு நடத்துநரிடையே குறைவாகவும் ஓட்டுநரிடையே மிகுதியாகவும் இருந்தது. ஓட்டுநர்கள் முன்பே பருத்தவர்களோ என ஐயுற்று, 1956-இல் சீருடை அளவுகளையும் ஆராய்ந்தனர். அவர்தம் இடுப்பளவு பெரிதாகவே இருந்தது! ஆகவே பழி முழுவதையும் இருக்கையின்மேல் சுமத்துதல் தகாது. ஆயினும், தபால் சுமந்து நடந்தோரையும் மேசைமுன் அமர்ந்தோரையும் ஒப்பிட்டபோது அதே வேறுபாடு தென்பட்டது.

இலண்டன் செய்தி நமக்கு எதற்கு என்பீர்கள். ஒரு சாண் அகலச் சாலாக ஓர் ஏக்கரை ஒருமுறை உழுவதற்கு, ஏர் பின்னே 17 கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும், கணக்கிட்டுப் பாருங்கள். அவ்வேலையை இன்று டிராக்டரில் அமர்ந்தபடியே முடிக்கிறோம். பின்னர்த் தேநீர்க் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். ஏருக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. இழந்த நடையை எங்கே ஈடு செய்வது என்பதே கேள்வி.

நாற்று நடும் தாய்மாருக்கும் மண் சுமப்போருக்கும் இவ்வுரை உரியதன்று. அவர்களுக்கு வேண்டுவது ஓய்வு.

நாற்காலிக்காரராகிய நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பும் கணினியும் ஜீப்புமாகவே காலம் கழிந்தது. சென்ற ஆண்டு, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துவிட்டதென்றார் மருத்துவர். கால் தசைகள் இயங்கும்போது இரத்தத்துச் சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. அசையாதிருக்கும்போது அவ்வேலை குறைகிறது. வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடப்பது போன்ற உடலுழைப்பு வேண்டுமென்றும், அமர்ந்திருக்கும் நேரமும் குறைய வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. அதுமுதல் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறோம். உணவுக்குப் பின் தவறாமல் நடக்கிறோம். சர்க்கரை சற்றே இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, வாய்க்கால் ஆகியவற்றை நடந்தே சென்று நேரிற் கண்டு முடிவு செய்வோம். தீர்மானங்களை அலுவலகம் திரும்பி எழுதிக்கொள்ளலாம். நாமும் ஜீப்பை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு வருகிறோம்.