உறிஞ்சு பம்பும் மார்பக நரம்புகளும்

அறுவை சிகிச்சையின்றி மார்பகத்தைப் பெரிதாக்கும் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் உறிஞ்சு பம்புகள், மார்பின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதனுள் உள்ள காற்றை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தின் விசையால் திசுக்களை இழுப்பவை. கத்தியும் மருந்தும் இல்லாததால் இவற்றால் தீங்கு வராது என்று பலரும் நம்புகின்றனர். ஆயினும் அந்த விசைக்கு உட்படுவது தோலும் கொழுப்பும் மட்டுமல்ல, அவற்றினூடே ஓடும் மெல்லிய நரம்புகளும்தான்.

மெதுவாகவும் இடைவிடாமலும் இழுக்கப்படும் திசு வளரும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் ரோஜர் கூரி 'பிராவா' என்னும் கருவியை உருவாக்கி, அதன் முதல் ஆய்வை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் பாதரச அளவில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் என்னும் மிகக் குறைந்த இழுவிசையே பயன்பட்டது. பெண்கள் நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் வரை, 10 வாரங்கள் அதை அணிய வேண்டியிருந்தது. அழுத்தமானி இல்லாத கைப்பம்பிலோ இழுவிசை எவ்வளவு என்பதை அறிய வழியே இல்லை. மேலும், பம்பைக் கழற்றியவுடன் தெரியும் பருமனில் ஒரு பகுதி திசுக்களில் தேங்கிய நீரால் ஆன வீக்கமே. அது வடிந்ததும் ஏமாற்றமடைபவர் அடுத்த முறை இன்னும் பலமாக இழுக்கத் தூண்டப்படுகிறார்.

மார்பகத்தின் தொடு உணர்வைப் பெரும்பாலும் தாங்கி வருபவை விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளின் கிளைகள். முலைக்காம்பின் உணர்வுக்கு அவற்றுள் நான்காம் நரம்பின் பக்கக் கிளை முதன்மையானது. குழந்தை பால் உறிஞ்சும்போது எழும் தூண்டல் இவ்வழியே மூளையை எட்டி, பால் சுரக்கவும் வெளிப்படவும் காரணமான இயக்குநீர்களை விடுவிக்கிறது. ஆகவே இந்த நரம்புகளுக்கு நேரும் கேட்டை வெறும் தோல் மரப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

பம்பினால் நரம்புக்கு இருவகைத் தாக்கம் நேர்கிறது: கிண்ணத்தின் உட்புறம் நரம்பு இழுபட, அதன் விளிம்பு பதியும் இடத்தில் நரம்பு நசுங்குகிறது. நரம்பும் தன்னுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நம்பியே உயிர்வாழ்கிறது. முயலின் கால் நரம்பை வைத்து ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் லுண்ட்போர்க், ரீடெவிக் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பின் நீளம் 8 விழுக்காடு கூடியபோதே அதன் சிரை இரத்த ஓட்டம் தளர்ந்ததும், 15 விழுக்காட்டளவில் இரத்த ஓட்டம் முற்றிலும் நின்றதும் தெரியவந்தன. இரத்தம் குறைந்த நரம்பு முதலில் மரத்துப்போகிறது. பின்னர் ஊசி குத்துவது போன்ற கூச்சம், எரிச்சல், சுரீரென்று பாயும் வலி ஆகியவை தோன்றலாம். மேலாடை உரசினாலே வலிக்கும் நிலையும் வரக்கூடும். வலி தராத தொடுதலை வலியாக உணர்வதை மருத்துவர்கள் 'அலோடினியா' என்பர்.

நரம்பின் உறை மட்டும் பாதிக்கப்பட்டால் நாட்களிலோ வாரங்களிலோ உணர்வு திரும்பிவிடும். உள்ளிழையே அறுந்தால், அது நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதமே மீண்டும் வளர்வதால், குணமடைய மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு வலி நிலைத்துவிடவும் கூடும்.

நீரிழிவினால் நரம்பு நலிந்தோரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும், கருவுற்றோரும், மார்பகத்தில் கட்டியோ அறுவை சிகிச்சையோ கண்டோரும் இத்தகைய பம்புகளைத் தவிர்ப்பது நலம். மரப்போ எரிச்சலோ தோன்றினால் பம்பை உடனே நிறுத்த வேண்டும். சில நாட்களில் அது தணியாவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். மார்பின் ஒரே பக்கத்தில் பட்டைபோல் எரிச்சலும் கொப்புளமும் தோன்றினால் அது அக்கியாகவும் இருக்கலாம். புதிய கட்டி, தோல் குழிவு, காம்பில் கசிவு ஆகியவை தென்பட்டால் பம்பின் விளைவென்று எண்ணிக் காத்திராமல் உடனடியாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வலித்தால்தான் வளர்ச்சி என்னும் பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. மார்பகம் சிறிதாயிருப்பது நோயன்று. நோயில்லாத உடலில் தீராத வலியை வரவழைத்துக்கொள்ளும் அளவுக்கு எந்த அழகும் மேலானதன்று என்பதை ஒவ்வொரு பெண்ணும், அவளைச் சூழ்ந்தோரும் உணர வேண்டும்.