பட்டாளம் தந்த பள்ளிக்கூடம்



என் பாட்டனார் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணிபுரிந்தார். என் தந்தையாரும் அதே படையில் சேர்ந்து ஓய்வு பெற்றார். நான் மட்டும் துப்பாக்கிக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டியைக் கையிலெடுத்தேன். குடும்ப மரபை முறித்துவிட்டான் என்று உறவினர் சிலர் குறைப்பட்டனர். நான் முறித்தேனா, தொடர்ந்தேனா என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

1780-இல் தோன்றிய அப்படையில் பாலம் அமைக்கவும், பாதை வெட்டவும், அரண் கட்டவும் நம் மக்கள் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர். ஊரில் தெருவுக்குள் நடக்கத் தடைபட்டவன் அங்கே சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான். ஆனால் பட்டாளம் தந்த பெருஞ்செல்வம் சீருடை அன்று; சம்பளமும் அன்று. அது எழுத்து.

இதற்குச் சான்று அண்ணல் அம்பேத்கர் அவர்களின் குடும்பமே. அவருடைய பாட்டனார் மாலோஜி படைவீரர். தந்தையார் ராம்ஜி சக்பால் சுபேதார். தாயார் பீமாபாயின் தந்தையாரும் சுபேதார் மேஜர். 1891 ஏப்ரல் 14-இல் அண்ணல் பிறந்ததும் மாவ் என்னும் ராணுவப் பாளையத்திலேதான். வீரர்களுக்கும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி அவர்தம் பிள்ளைகளுக்கும் அக்காலப் படையில் கட்டாயக் கல்வி இருந்தது. ராம்ஜி ராணுவ ஆசிரியப் பயிற்சி பெற்று, படைப் பள்ளியொன்றில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராய் விளங்கினார். வெளியூர்ப் பள்ளிகள் நம்மவர்க்கு அடைத்துக் கிடந்த காலத்தில், நம்மவர் ஒருவர் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த வாயிலும் அடைபட்டது. சில சாதியாரே போருக்குரியவர் என்ற கொள்கையை வெள்ளை அதிகாரிகள் வகுத்தனர். 1890-களின் தொடக்கத்தில் மகார் மக்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894-இல் விண்ணப்பம் எழுதி முறையிட்டும் பயன் விளையவில்லை. தென்னாட்டுக் காலாட்படையிலும் ஆள்சேர்ப்பு அக்கொள்கையால் சுருங்கியது. வேண்டியபோது அழைத்தவர்கள் வேண்டாதபோது கதவடைத்தனர்.

சீருடையைக் கழற்றியதும் சாதி மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. 1901-இல் தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவர் அம்பேத்கரை, சாதியை அறிந்ததும் மசூர் ரயிலடியில் வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிச் செல்ல நேர்ந்தது. சுபேதார் பட்டம் மகனுக்கு ஒரு வண்டியைக்கூடப் பெற்றுத் தரவில்லை. ஆயினும் சுபேதார் கற்றிருந்த எழுத்து அம்மகனுக்கு உலகையே திறந்தது. பம்பாய்ப் பரேலில் ஒற்றையறை வீட்டில், பின்னிரவில் மகனை எழுப்பிப் படிக்கவைத்தவர் அத்தந்தை. 1907-இல் மெட்ரிகுலேஷன், 1912-இல் பி.ஏ., 1913-இல் அமெரிக்கா. அடைத்த கதவு 1941-இல் மகார் ரெஜிமெண்டு அமைந்தபோது திறந்தது. அதற்காக வாதாடியவர்களுள் அச்சுபேதாரின் மகனும் ஒருவர்.

இளைஞர்களே! தந்தை பட்டாளம், ஆகவே நானும் பட்டாளம் என்று பள்ளியை இடையில் விடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். இன்றைய நிலையை அறிந்துகொள்ளுங்கள். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி பணிக்காலம் 4 ஆண்டுகள். அவர்களுள் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலையாக அமர்த்தப்படுவர். ஏனையோர்க்கு ஓய்வூதியம் இல்லை. இருபத்தைந்து வயதுக்குள் வெளியே வந்து நிற்கும் இளைஞனைத் தாங்குவது எது? அவன் கற்ற கல்வி ஒன்றே.

படைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்துவிட்டுப் போங்கள் என்கிறேன். பெருங்களத்தூரில் மின்ரயில் ஏறினால் சில நிலையங்களில் பரங்கிமலை. அங்கே அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963 முதல் இருக்கிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். அதன் வாயில் பட்டதாரிக்கே திறக்கும். நம் வீட்டு மகனும் மகளும் காவலுக்கு மட்டுமன்றி, கட்டளையிடவும் அவ்வாயிலில் நுழைய வேண்டாமா?

முன்னாள் படைவீரப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் வாரம் இரு நாள் வந்து அமருங்கள். தொழிற்கல்வி பயிலும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் முறையை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

விடுப்பில் வரும்போதெல்லாம் என் தந்தையார் தம் இரும்புப் பெட்டியைத் திறந்து, நான் அவருக்கு எழுதிய கடிதங்களை எடுத்து வைப்பார். பிழைகள் யாவும் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருக்கும். இன்று என் மாணவர் ஏடுகளைத் திருத்தும்போது அக்கைதான் என் கையை நடத்துகிறது. ஆகவே சொல்கிறேன்: நான் மரபை முறிக்கவில்லை.