வர்த்தமானிக் கோடும் வட்டை யானையும்

 

காடு என்றதும் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்து ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது யானைதான். கதிர் முற்றுகிற நாளில் வட்டைக்குள் இறங்கி, ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் பெரும்போகத்தையே மிதித்துவிட்டுப் போகிற யானை. ஆனால் அந்தக் காட்டோடு நமக்கு இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. வாய்க்காலில் வருகிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

நம் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன கல்லோயாவை மறித்து, இங்கினியாகலையில் அணை கட்டினார்கள். அதற்காக 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. அணைக்குப் பின்னால் தேங்கியதுதான் சேனாநாயக்க சமுத்திரம். மலையில் மரம் போனால் மண் கரைந்து வந்து குளம் தூர்ந்துவிடும். அதனால் நீரேந்துப் பகுதியைக் காப்பதற்காக 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவைப் பிரகடனம் செய்தார்கள். ஏறத்தாழ 25,900 ஹெக்டயர். அதையொட்டிச் சரணாலயங்களும் வந்தன. கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் தானாக வளர்கிற புல்வெளிக் காடு அது. நாட்டு வைத்தியரின் திரிபலா டப்பா அங்கே மரமாகவே நிற்கிறது.

பூங்கா, சரணாலயம் என்று வேறு வேறு பெயர் ஏன்? இதில்தான் விஷயமே இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் காட்டைப் பல தரங்களாகப் பிரிக்கின்றன. ஆக மேலே, கடுமையாகக் காக்கப்படும் இயற்கை ஒதுக்கம். ஆய்வுக்கென்று அனுமதி வாங்கியவர் தவிர யாரும் கால் வைக்க முடியாது. ரிட்டிகல, ஹக்கல போன்றவை அந்த வகை. அடுத்து தேசியப் பூங்கா. டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம், குடியிருக்க முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், சனங்களும் இருக்கலாம், ஆனால் மிருகத்தைத் தொடக் கூடாது. இது போதாதென்று 1988இல் தேசிய மரபுரிமை வனாந்தரங்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. சிங்கராஜா அதன் கீழ் வருகிறது.

அமெரிக்கர்கள் 1964இல் வேறு வழி கண்டார்கள். தேசியப் பூங்காவுக்குள்ளேயே ஒரு பகுதியை ‘வனாந்தரம்’ என்று ஒதுக்கி, அங்கே ரோட்டும் இல்லை, வாகனமும் இல்லை, கட்டடமும் இல்லை என்று சட்டம் போட்டார்கள். யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனை பிடிக்கும்.

ஆனால் நம் பக்கத்துச் சங்கடம் ஜீப் அல்ல. கோடு.

வனஜீவராசிகள் திணைக்களம் ஒன்று, வன பரிபாலனத் திணைக்களம் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி எல்லை. நாட்டின் பல இடங்களில் மின்சார வேலியை வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக் கோட்டிலேயே போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு. யானை இரண்டு பக்கமும் நிற்கிறது! இலங்கையில் யானை உலாவும் நிலத்தில் பெரும்பங்கு பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் வெளியேதான் இருக்கிறது. யானைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது.

போட்ட வேலியைப் பராமரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்து அஷ்ரப் நகர்க் குப்பை மேட்டைப் பாருங்கள். 2008 வாக்கில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு அமைந்த இடம். கரையோர ஊர்களின் குப்பை டிரக்டரில் அங்கே போய்ச் சேர்கிறது. சுற்றிப் போட்ட மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது; அதை யாரும் திருத்தவில்லை. அதன் பிறகு யானைகள் மாடு மாதிரி அங்கே மேயப் பழகிவிட்டன. எட்டு வருடத்தில் இருபது யானைகள் வரை செத்துப்போனதாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. இறந்த யானைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் கண்டது பொலித்தீனும் சாப்பாடு சுற்றிய தாளும் தண்ணீரும். வழக்கமாக யானை தின்கிற தீனி எதுவும் இல்லை. அந்த லஞ்ச் சீற் யார் வீட்டுடையது? நம் ஊர்க் கடைகளில் பார்சல் கட்டியதுதான்.

குற்றமெல்லாம் நம்முடையது என்று நான் சொல்லவில்லை. கோடு போட்டவர்கள் விவசாயியிடம் கேட்காமல் போட்ட இடங்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. வட்டமடுவில் மேய்ச்சல் தரையா, வயலா, வனமா என்று நடக்கிற இழுபறி உங்களுக்குத் தெரியும். மாட்டுக்காரரும் விவசாயியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் வன இலாகாவின் எல்லைக் கல்.

காவல் நிலம் என்பது நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவைச் சுற்றி மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். ஹிமா என்ற மேய்ச்சல் ஒதுக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலுக்கு வைத்தபோது சொன்ன விளக்கம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாலு ஒட்டகமும் சில ஆடுகளும் வைத்திருக்கிற ஏழையை உள்ளே விடு. பெரும் செல்வந்தர்களின் மந்தையை விடாதே என்பது அதன் சாரம். அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃபையும் உஸ்மானையும் பெயர் சொல்லியே நிறுத்தினார்கள். மந்தை செத்தாலும் அந்த இருவருக்கும் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு கலீபாவின் வாசலில் வந்து நிற்பான் என்றார்கள். நிலத்தைக் காப்பதும் ஆளைப் பார்ப்பதும் அங்கே ஒரே கட்டளையில் இருந்தன.

நம் காலத்திலும் அப்படி நடக்கிறது. குமணவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் யால கிழக்கு என்று பிரகடனமாகி, 2006இல் குமண என்று பெயர் மாறிய தேசியப் பூங்கா. கதிர்காம உற்சவக் காலத்தில் உகந்தையில் கதவைத் திறந்து பாதயாத்திரைக்காரர்களை உள்ளே விடுகிறார்கள். காலம் முடிந்தால் கதவு சாத்தப்படும். தரம் மாறவில்லை, பூங்காவும் போகவில்லை.

வேலியிலும் இப்படிக் காலம் பார்த்துத் திறந்து மூடலாம். விதைக்கும்போது வயலைச் சுற்றி மின்வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிற முறையை நாட்டின் வேறு பகுதிகளில் விவசாயிகளே நடத்துகிறார்கள். வேலி திணைக்களத்தின் கோட்டில் நிற்பதில்லை, பயிர் இருக்கிற இடத்தில் நிற்கிறது. பராமரிப்பதும் பயிர்க்காரர்தான், அதனால் கம்பி அறுந்தால் மறுநாளே தெரிகிறது. அடுத்த போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும்போது இந்த வேலிக் கணக்கையும் வாய்க்கால் தலைவர்கள் எடுத்துப் பேசட்டும். வனஜீவராசிகள் அதிகாரியையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். குப்பை மேட்டு வேலியைப் பற்றிப் பேச உள்ளூராட்சிச் சபையில் ஒருவரும் வந்தால் நல்லது.